நூறு கிராமுக்குள்

"இதுல எது நூறு கிராமுக்குள்ள வரும்?" என்று அந்தப் பெண் கேட்டபோது நான் கடையின் இரும்புக் கதவைப் பாதிதான் தூக்கியிருந்தேன். பிலிப்பைன்ஸ் மலையூரான பாகியோவின் சந்தையில் என் அம்மா இருபத்தெட்டு வருடம் கத்தி விற்றாள், அவளுக்குப் பின் நான் பத்தொன்பது வருடமாக விற்கிறேன். விலை கேட்டிருக்கிறார்கள், துருப்பிடிக்குமா என்று கேட்டிருக்கிறார்கள், பன்றி எலும்பு வெட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள், மாமியாருக்குப் பரிசாகக் கொடுத்தால் தப்பாக நினைப்பாளா என்றுகூட ஒருத்தி கேட்டிருக்கிறாள். எடை கேட்டு யாரும் வந்ததில்லை. மணி ஆறுகூட ஆகவில்லை. சந்தைக்குள் மூடுபனி கூலியாள் மாதிரி குனிந்து நுழைந்துகொண்டிருந்தது. அவள் காலில் சேறு காய்ந்த ஓட்டக் காலணி, முதுகில் குழந்தைப் பை போல ஒட்டிக்கொண்ட சின்னத் தண்ணீர்ப் பை, கழுத்தில் கழற்ற மறந்த கால்சென்டர் அட்டை. அட்டையில் ஜெரலின் என்று போட்டிருந்தது.

எங்கள் சந்தையில் போணி என்பது சட்டத்தைவிடப் பெரிய சட்டம். முதலில் வருபவரை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும். அதனால் முதல் ஆளுக்கு விலையை இறக்கியாவது எதையாவது தலையில் கட்டி, வாங்கிய நோட்டால் கடையிலுள்ள சரக்கையெல்லாம் ஒரு தட்டுத் தட்டினால்தான் எங்களுக்கு மூச்சு வரும். ஆகவே அவள் கேட்ட கேள்வி எனக்கு முக்கியமில்லை. அவள் முதல் ஆள் என்பதுதான் முக்கியம். எதற்குக் கத்தி என்று கேட்டேன். பைன் காட்டுப் பாதையில் ஓடுவதற்கு என்றாள். எட்டு வாரத்தில் மலைமேல் ஐம்பது கிலோமீட்டர்ப் பந்தயம் இருக்கிறதாம். மூன்று வாரத்துக்கு முன்னால் பாதையில் ஒருத்தன் வழியை மறித்தானாம். அதிலிருந்து காட்டின் வாய்வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருக்கிறாள். "வாய் வரைக்கும் போறேன்க்கா, உள்ள போக முடியல. கையில ஏதாவது இருந்தா போயிடுவேன்." பல் டாக்டரிடம் நேரம் குறித்துக்கொள்கிறவள் மாதிரி சொன்னாள்.

எதிர்க்கடையில் ஸ்ட்ராபெரியும் வேர்க்கடலையும் விற்கும் தெமியோங்கிடம்தான் தராசு இருந்தது. நாலு கத்தியை அதில் வைத்துப் பார்த்தோம். எல்லாமே நூறைத் தாண்டிக் காட்டின. அந்தத் தராசு எண்பதை நூறு என்று சொல்லும்படி வளர்க்கப்பட்ட தராசு. ஸ்ட்ராபெரிக்கு அது லாபம், அன்று எனக்கு நஷ்டம். "தெமியோங், இன்னிக்கு ஒரு நாளைக்கு நெஜத்தச் சொல்லு" என்றேன். அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த ஈயத்தைப் பிய்த்தெடுத்தான். பிறகு ஜெரலினிடம், கத்திக்குப் பதிலாக ஒரு புருஷனைக் கூட்டிக்கொண்டு ஓடலாமே என்றான். "அது எழுபது கிலோ வரும்ண்ணே, ஏத்தத்துல நான்தான் தூக்கணும்" என்று அவள் சிரிக்காமல் பதில் சொன்னாள். அவளை எனக்குப் பிடித்துப்போனது. பிடித்துப்போன பிறகும் ஏமாற்றினேன், அதுதான் விஷயம்.

பத்தாங்காஸ் பக்கத்திலிருந்து வரும் பட்டாம்பூச்சிக் கத்தியை எடுத்துக் காட்டினேன். கைப்பிடி இரண்டாகப் பிளந்து, சிறகு விரித்துத் திரும்பி மூடும்போது அலகு வெளியே நிற்கும். கைப்பிடி முழுக்க ஓட்டை போட்டது, தொண்ணூற்றிரண்டு கிராம். சின்ன வயதிலிருந்து பழகிய கை என்பதால் கண்ணிமைக்கும் நேரத்தில் சடசடவென்று விரித்து மூடிக் காட்டினேன். அவள் கண் அந்தச் சத்தத்தின் பின்னாலேயே போனது. இதைப் பழக ஒரு வருடமாவது ஆகும், உலர்ந்த கை வேண்டும், நின்று நிதானமாக விரிக்க இடம் வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். எங்கள் மலையில் இடுப்பில் தோட்டக் கத்தி செருகிய ஆளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஆனால் பையில் பட்டாம்பூச்சிக் கத்தி வைத்திருப்பவளைச் சோதனைச் சாவடியில் இறக்கி நிற்க வைப்பார்கள் என்பதும் தெரியும். ஒன்றையும் சொல்லவில்லை. மூன்றில் ஒரு பங்கு விலையை நானே இறக்கினேன். அவள் பேரம் பேசவே இல்லை. நோட்டால் சரக்கைத் தட்டும்போது என் கை ஒரு தடவை தயங்கியது. தட்டி முடித்துவிட்டேன். அன்று வியாபாரம் பிரமாதம்.

வியாழக்கிழமை அவள் திரும்பி வந்தாள். அன்றும் முதல் ஆள். வலது கட்டைவிரலில் துணிக்கட்டு, இடது கையில் அந்தக் கத்தி. முதல் ஆளே சரக்கைத் திருப்பிக் கொடுக்க வந்தால் எங்கள் வரிசை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொள்ளும். தெமியோங் சிலுவை போட்டுக்கொண்டான். அவள் கத்தியை என் பலகைமேல் மெதுவாக வைத்தாள். ஓடிக்கொண்டே எடுத்துப் பார்த்தாளாம், காட்டுக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டி வளைவில். விரல் விறைத்துப்போயிருந்தது, கையில் வியர்வை. மூன்றாம் தடவை சிறகு மூடிக்கொண்டு அலகு கட்டைவிரலில் இறங்கிவிட்டது. கத்தி பெரணிப் புதருக்குள் விழுந்தது. அதைத் தேடப் பத்து நிமிடம் ஆனதாம்.

"பத்து நிமிஷம் மண்டி போட்டுத் தேடிட்டு இருந்தேன்க்கா. பாதைக்கு முதுகு காட்டிக்கிட்டு."

பணத்தைத் திருப்பிக் கொடுக்க நான் டப்பாவைத் திறந்தேன். அவள் என் கையைப் பார்த்துத் தலையசைத்து மறுத்தாள். பணம் வேண்டாம், ஓடும்போது எடுக்க வருகிற கத்தி வேண்டும் என்றாள். குறை சொல்கிறவன்தான் சரக்கை வாங்குவான், நல்லாயிருக்கு என்கிறவன் வாங்கமாட்டான் என்று என் அம்மா சொல்லுவாள். இவள் குறையும் சொல்லிவிட்டு, விரலையும் அறுத்துக்கொண்டு, மறுபடி வாங்க நிற்கிறாள். அப்படி என்னதான் பண்ணினான் அவன் என்று கேட்டேன். ஒன்றும் பண்ணவில்லை என்றாள். குறுகலான இடத்தில் கையை அகட்டி நின்றானாம். இவள் இடப்பக்கம் போனால் இடப்பக்கம், வலப்பக்கம் போனால் வலப்பக்கம். கடைசியில் கையைப் பிடித்தான். மேலேயிருந்து யாரோ இருமுகிற சத்தம் கேட்டு விட்டுவிட்டான். அவ்வளவுதான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"நான் அவன்கிட்ட சாரி சொன்னேன்க்கா. கையப் பிடிச்சான், நான் சாரின்னேன். ராத்திரி பூரா போன்ல அமெரிக்காக்காரங்களுக்கு அதத்தான சொல்றேன். அதுவா வந்துருச்சு."

தெமியோங் ஸ்ட்ராபெரி அடுக்குவதை நிறுத்தியிருந்தான். நான் கதவை இழுத்துப் பூட்டினேன். போணி ஆகாமல் கடையைப் பூட்டியது அந்தப் பத்தொன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. அம்மா இருந்திருந்தால் என் காதைத் திருகியிருப்பாள். உறையோடு நாலு கத்தியைக் கூடையில் போட்டு, அலகுகளை அட்டை வைத்துச் சுற்றி, அவளை மாதா கோயில் படிக்கட்டுக்குக் கூட்டிப் போனேன். கடைத்தெருவிலிருந்து கோயிலுக்கு ஏறும் அந்தப் படிகள் நூற்றுக்கு மேல் வரும். பாதிப் படியிலேயே பாவம் முழுக்க ஞாபகம் வந்துவிடும். கீழேயிருந்து மேலே ஓடு, எங்கேயாவது நான் கை தட்டுவேன், நிற்காமல் எடு என்றேன். நேரம் பார்க்கப் பழைய கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டேன்.

முதல் கத்தி மடக்குக் கத்தி, அழகான சரக்கு, எனக்கு நல்ல லாபம் தருவது. எழுபதாம் படியில் கை தட்டினேன். கத்தி வெளியே வந்தது, கட்டுப் போட்ட விரலால் திறக்க வரவில்லை. ஆறு விநாடி. கட்டில்லாத கையாலும் ஒரு தடவை பார்த்தோம், விரல் விறைத்திருந்ததால் அந்தச் சின்னக் குமிழ் தட்டுப்படவே இல்லை. இரண்டாவது இடுப்புப் பட்டியில் மாட்டுவது. ஓட ஓட உறை நகர்ந்து முதுகுக்குப் போய்விட்டது, எடுப்பதற்குள் அவள் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றவேண்டியிருந்தது. மூன்றாவது நல்ல கத்திதான், எடை நூற்று நாற்பது. ஐம்பது கிலோமீட்டரில் அது நெஞ்சில் அடிக்கிற சுத்தியல் என்றாள். படியில் மெழுகுவர்த்தி விற்கும் கிழவி எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பங்குத்தந்தையின் மேல் எங்களுக்கு என்ன கோபம் என்று விசாரித்தாள். பூசைக்கு ஏறிக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

நாலாவது கத்தியை நான் சும்மாதான் கூடையில் போட்டிருந்தேன். முட்டைக்கோஸ் தோட்டத்தில் வெளி இலை கழிப்பவர்கள் வைத்திருப்பது. விரல் நீளத்துக்கும் குறைந்த அலகு, மடங்காதது, மரப்பிடியில் விரல் மாட்ட ஒரு பள்ளம். கடையில் அடித்தட்டில் கிடக்கும், லாபம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. தராசில் ஐம்பத்தெட்டு கிராம். ஈயத்தைப் பிய்த்த தராசில். அதைத் தண்ணீர்ப் பையின் நெஞ்சுப் பட்டியில் தலைகீழாக, பிடி கீழே பார்க்கும்படி, தோல் வாரால் கட்டினேன். அவள் ஓடினாள். தொண்ணூறாம் படியில் கை தட்டினேன். பிடி அவள் கைக்குள் தானாக விழுந்த மாதிரி இருந்தது. ஒன்றரை விநாடி. மறுபடி ஓடவிட்டேன். ஒன்றரை. இடது கையால் எடுக்கச் சொன்னேன். இரண்டு. அவள் முகம் சிவந்து, மூச்சு புகையாக வந்தது. இதுதான் என்றாள்.

எனக்கு இன்னும் திருப்தியில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் கத்தியை எடுக்கும்போது எதிரில் இறங்கி வருபவரைப் பார்த்து உதட்டுக்குள் சாரி சொல்வதைக் கவனித்துக்கொண்டிருந்தேன். கத்தி ஒன்றரை விநாடியில் வந்தது, சாரி அதற்கும் முன்னால் வந்தது. கத்தியை உறையில் போடு என்றேன். போட்டாள். "இப்ப கத்தி இல்லாம ஓடு. நான் கை தட்டுனா நின்னு, சத்தமா, வழிய விடுன்னு சொல்லு" என்றேன். பூசை நடக்கிறது என்றாள். நடக்கட்டும், மாதா நிறையச் சத்தம் கேட்டவள் என்றேன். முதல் தடவை அவள் சொன்னது எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை மெழுகுவர்த்திக் கிழவி, "யாருக்கு, எனக்கா சொல்ற?" என்றாள். ஏழாம் தடவை அவள் கத்தியதில் படியில் உட்கார்ந்திருந்த புறாக்கள் எழும்பின, கோயில் காவல்காரர் வெளியே வந்து பார்த்தார். அவள் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை அவள் தனியாகத்தான் போவதாக இருந்தது. வார் தாங்குகிறதா என்று பார்க்க வருகிறேன் என்று சொல்லி நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். வாருக்கு ஒன்றும் ஆகாது என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். காட்டின் வாயில் இறங்கினோம். முந்தின இரவு மழை பெய்து பாதை கறுத்துக் கிடந்தது, பைன் ஊசிகள் சேற்றோடு கலந்து கால் பட்டால் நழுவும் பக்குவத்தில் இருந்தன. அவள் காலணிக் கயிற்றை இரண்டு தடவை கட்டினாள். மூன்றாம் தடவை கட்டக் குனிந்தவள், கட்டாமலே நிமிர்ந்தாள். நான் என்ன சொல்லியிருந்தாலும் அது அதிகப்பிரசங்கித்தனமாக இருந்திருக்கும். அதனால் அவள் மேல்சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டேன். போகிறேன் என்றாள். போனாள்.

ஆரஞ்சு நிறச் சட்டை முதல் வளைவில் மறைந்து, மேலே இரண்டாம் வளைவில் மரங்களுக்கு நடுவே மறுபடி தெரிந்தது. அங்கேதான் பாதை குறுகி ஒரு பக்கம் மண்சுவரும் ஒரு பக்கம் சரிவுமாக இருக்கும் என்று அவள் சொல்லியிருந்தாள். மேலேயிருந்து ஒரு ஆள் இறங்கி வந்துகொண்டிருந்தான். முதுகில் முட்டைக்கோஸ் கூடை, நெற்றியில் அதைத் தாங்கும் பட்டை. தோட்டக்காரன். அவனாகவும் இருக்கலாம், அவன் இல்லாமலும் இருக்கலாம், கீழேயிருந்து எனக்கு முகம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும். ஓட்டம் நின்றது. இருவருக்கும் நடுவே நாலைந்து முழம்கூட இருக்காது. அவள் கை நெஞ்சுப் பட்டிக்குப் போய் அங்கேயே இருந்தது, எடுக்கவில்லை. ஏதோ சொன்னாள். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் சத்தம் எனக்கு வரவில்லை. நான் பாதையில் பத்தடி ஏறிவிட்டிருந்தேன், ஏறியதே தெரியாமல்.

அந்த ஆள் நெற்றிப் பட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு காலைச் சரிவுப் பக்கம் எடுத்து வைத்தான், பிறகு மறு காலை. பெரணிக்குள் முழங்கால் வரை இறங்கி நின்றான். கூடை ஒரு பக்கம் சாய்ந்து ஒரு முட்டைக்கோஸ் உருண்டு கீழே போனது. அவன் அதைப் பிடிக்கப் பார்க்கவில்லை. அவள் பாதையின் நட்டநடுவில், ஓரம் ஒதுங்காமல், அவனைத் தாண்டி நடந்தாள். பத்தடி நடந்த பிறகு ஓடத் தொடங்கினாள். அவன் சரிவிலேயே நின்று, பாரத்தோடு கழுத்தைத் திருப்ப முடியாததால் உடம்பையே மெல்லத் திருப்பி, மேலே பார்த்துக்கொண்டிருந்தான். பனிக்குள் மூன்றாம் வளைவில் ஆரஞ்சு ஒரு தடவை தெரிந்தது, அதற்கு மேலே இன்னொரு தடவை.