நேர் லைன்

குளிர்பெட்டி மூன்றாவது முறையாக நின்றபோது, அண்ணன் மீட்டர் பலகைக்கு முன்னால் நாற்காலி போட்டு ஏறியிருந்தான். டிரிப் சுவிட்ச் மறுபடியும் விழுந்து கிடந்தது. தூக்கிவிட்டால் இரண்டு நிமிடம் நிற்கும். கூடத்தில் பெட்டி உறுமத் தொடங்கியதும் டக்கென்று விழுந்துவிடும்.

"ஊரெல்லாம் வயரிங் பண்றே, உன் தங்கச்சி வீட்ல ஒரு பெட்டிய ஓட வைக்க முடியலியேப்பா," என்றார் சித்தப்பா. சாவு வீட்டிலும் அவர் வாய் சும்மா இருக்காது.

பெட்டிக்குள் மச்சான் படுத்திருந்தான். நேற்றுக் காலை, வீட்டின் பின்பக்க ஷெட்டில் பைக் கழுவிக்கொண்டிருந்தவன் ஈரக் கையோடு தண்ணீர் மோட்டாரைத் தொட்டான். அவ்வளவுதான். அவனுக்குக் கொஞ்சம் கவனம் பத்தாது என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். அண்ணன் அதை மறுத்துப் பேசவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்த மோட்டாரும் இப்படித்தான் படுத்தியது. ஓடவிட்டால் சுவிட்ச் விழும், வீடே இருண்டுபோகும். எங்கோ மின்சாரம் கசிகிறது, அதனால்தான் விழுகிறது என்று இருபது வருடம் இதே வேலை பார்ப்பவனுக்குத் தெரியாதா? தேடிக் கண்டுபிடிக்க அரை நாளாகும். அன்றைக்கு வேறொரு வீட்டில் வேலை காத்திருந்தது. ஷெட்டுக்குப் போகும் வயரை சுவிட்சுக்கு முன்னாலேயே பிரித்து நேராகக் கொடுத்துவிட்டு, "அடுத்த வாரம் வந்து பாக்கறேன் மச்சான்" என்று கிளம்பினான். வரவேயில்லை.

தங்கை எழுந்து வந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"அண்ணா, ஷெட்டுக்குக் குடுத்தியே, அதே மாதிரி இதுக்கும் நேரா குடுத்துடு. அதுக்கப்புறம் அது ஒரு நாள்கூட நிக்கல. அவரு உன்னை அவ்ளோ மெச்சினாரு."

மெயினை அணைத்துவிட்டு வயரைக் கையில் எடுத்தான். ஒரு ஸ்குரூவைத் திருகினால் போதும், பெட்டி ஓடும். யாரும் எதையும் கேட்கப்போவதில்லை. கூடத்தை எட்டிப் பார்த்தான். தங்கையின் மகள் பெட்டியின் இரும்பு விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மின்சாரம் இல்லாத பெட்டிதான். ஆனாலும் அவன் கத்தினான்.

"அவளைத் தூக்கு! யாரும் பெட்டியத் தொடாதீங்க!"

இறங்கி ஓடிப் போய் பிளக்கைப் பிடுங்கினான்.

"இது வேணாம். ஐஸ் வாங்கிட்டு வாங்க சித்தப்பா. பெட்டியில கரண்ட் கசியுது. நேரா குடுத்தா சுவிட்ச் விழாது. தொட்டவங்கள விடாது."

தங்கை மகளை இடுப்பில் தூக்கி வைத்திருந்தாள். அவன் பக்கம் திரும்பினாள்.

"அப்போ ஷெட்டுல?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "அங்கயும் கசிஞ்சுதும்மா. தெரிஞ்சுதான் குடுத்தேன்."

குழந்தை தூக்கச் சொல்லி, "மாமா" என்று அவன் பக்கம் கையை நீட்டியது. தங்கை அந்தக் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.