ஐந்து நிமிட மாதம்

என் மனைவியின் தங்கையை வீட்டில் எல்லோரும் சின்னவள் என்றுதான் கூப்பிடுவோம். வயது முப்பத்தேழு ஆகிறது, இன்னும் சின்னவள்தான். எழுத்துத் தெரியாத பெரியவர்களுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் ஒரு செயலியை அவளும் ஒரு கூட்டாளியும் சேர்ந்து செய்திருந்தார்கள். அதில் முதன்முதலாகப் படித்த ஆள் நான். சிமெண்டுக் கிடங்கில் மூட்டை இறக்குகிறேன். ஐம்பது வயதில் ‘அ’ போட்டவன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மடிக்கணினியோடு உள்ளே நுழைந்தபோது, முதுகில் தைலத்தோடு தரையில் குப்புறக் கிடந்தேன்.

“மாமா, எழுந்திருங்க. இன்னைக்கு உங்களுக்கு வேலை இருக்கு.”

“வாரத்துல ஒரு நாள்தான் லீவு. அதுலயும் லோடு கொண்டு வந்துட்டியா?”

“மூட்டை இல்ல. விரலை ஆட்டினா போதும்.”

“விரலை ஆட்டறதுல அவரு கெட்டிக்காரரு,” என்றாள் என் மனைவி சமையலறையிலிருந்து. “டீ கொண்டான்னு அங்கிருந்தே ஆட்டுவாரு.”

விஷயம் இதுதான். இதுவரை செயலி முழுக்க இலவசம். நாளையிலிருந்து முதல் பத்துப் பாடங்கள்தான் இலவசம். அதற்கு மேல் படிக்க மாதச் சந்தா. செயலிக்கு உள்ளேயே வாங்க வேண்டும். சந்தாவைத் திறப்பதற்கு முன்னால், வாங்குகிற வழி ஒழுங்காக ஓடுகிறதா என்று வெளி ஆள் ஒருவர் செய்து பார்க்க வேண்டும். பன்னிரண்டு கேள்விகள் அச்சடித்த தாள் ஒன்று கொண்டு வந்திருந்தாள். பக்கத்தில் ‘ஆம்’, ‘இல்லை’, ‘குறிப்பு’ என்று கட்டங்கள். செயலிகளை விற்கும் கடையில் என் கணக்கைச் சோதனைக் கணக்கு என்று பதிந்துவிட்டாளாம். நான் என்ன வாங்கினாலும் பணம் போகாது.

“அதாவது பொய்யா வாங்கணும்.”

“பொய் இல்ல மாமா, சோதனை. ரெண்டு கார்டு காட்டும் பாருங்க. ஒண்ணு எப்பவும் ஏத்துக்கும். இன்னொண்ணு எப்பவும் மறுக்கும்.”

“எப்பவும் மறுக்கிறதுதான் நம்ம வீட்டுலயே ஒண்ணு இருக்கே,” என்றேன் சமையலறைப் பக்கம் பார்த்து. உள்ளே ஒரு மூடி தேவைக்கு மேல் சத்தமாக விழுந்தது.

முதலில் மறுக்கிற கார்டு. என் கைபேசியில் அழுத்தினேன். ‘கட்டணம் ஏற்கப்படவில்லை’ என்று வந்தது. சின்னவள் கைதட்டினாள். கடை வாசலில் நின்று இப்படி ஒரு பதில் கேட்டால் எனக்குக் காது சூடாகிவிடும். இங்கே மறுத்ததற்குப் பாராட்டு. வேடிக்கையான வேலைதான் என்று ‘ஆம்’ கட்டத்தில் குறி போட்டேன்.

அடுத்து ஏற்கிற கார்டு. அது விரல்ரேகை கேட்டது. கட்டைவிரலை வைத்தேன், எடுக்கவில்லை. துடைத்து வைத்தேன், எடுக்கவில்லை. நாலு விரல் மாற்றியும் பார்த்தாகிவிட்டது. ரேகையைச் சிமெண்டு எப்போதோ தின்றுவிட்டிருந்தது. முப்பது வருடம் சம்பளத் தாளில் இந்த விரலைத்தான் மையில் தோய்த்து வைத்தேன். அப்போது யாரும் ரேகை தெரிகிறதா என்று பார்க்கவில்லை. இப்போது இந்தப் பெட்டி விரல் வேண்டாம், எழுத்தைக் கொடு என்கிறது. கடவுச்சொல்லை ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன். சந்தா கிடைத்துவிட்டது.

“இனிமே காத்திருக்கணும் மாமா. சோதனையில ஒரு மாசம்னா அஞ்சு நிமிஷம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்க தானா புதுப்பிக்கும். ஆறு தடவை புதுப்பிச்சு, ஏழாவது மாசத்தோட தானா முடிஞ்சிடும்.”

“அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு மாசமா? அப்போ சம்பளம்?”

“அதை உங்க மேஸ்திரிகிட்ட கேளுங்க.”

பதினோராம் பாடத்தில் ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் முதல் மாதம் போய்விட்டது. டீ ஆறுவதற்குள் இரண்டாவது. ஒவ்வொரு தடவையும் கணினியைப் பார்த்து, “மாசம் பொறந்தாச்சு,” என்றாள் சின்னவள். எனக்கு ஒரு மாதம் என்றால் முதுகுக்குத் தெரியும். இப்படித் தரையில் உட்கார்ந்தபடி ஏழு மாதம் கழித்தது அன்றுதான்.

ஏழாவது முடிந்ததும் பாடங்கள் பூட்டிக்கொண்டன. சரி. பதினோராவது கேள்விக்கு வந்தேன். எழுத்துக்கூட்டி வாசித்தேன். ‘சந்தா முடிந்ததும் ஏடு பூட்டப்படுகிறதா?’

ஏடு என்பது செயலிக்குள் ஓர் இடம். படிக்கிறவர் தினமும் சொந்தமாக ஒரு வரி எழுதி வைக்கலாம். ஏழெட்டு மாதமாக ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறேன். முதல் வாரம் என் பெயர் மட்டும்தான், ஏழு தடவை. பிறகு, ‘இன்று மழை. மூட்டை நனைந்தது.’ பிறகு, ‘பேருந்தின் பெயரை நானே வாசித்து ஏறினேன்.’ வேறெங்கும் இதற்குப் பிரதி கிடையாது.

ஏட்டை அழுத்தினேன். பூட்டுப் படம் வந்தது. ‘உங்கள் ஏட்டைப் படிக்கச் சந்தா செலுத்துங்கள்.’

“பிரமாதம்! ‘ஆம்’ல குறி போடுங்க.”

நான் பேனாவை எடுக்கவில்லை. “இது நான் எழுதினது.”

“தெரியும் மாமா. உங்களுக்கு இப்பவே திறந்து விட்டுடறேன். உங்களுக்கு எப்பவும் இலவசம்தான்.”

“எனக்கு நீ இருக்கே. நாளைக்கு வர்றவனுக்கு?”

“கட்டினா திறக்கும்.”

“கட்ட முடியலைன்னா?”

அவள் கணினித் திரையைப் பார்த்தே பேசினாள். “அதுக்குத்தான் மாமா பூட்டறதே. பாடத்தைப் பூட்டினா, போனா போகட்டும்னு விட்டுடுவாங்க. சொந்தமா எழுதினதைப் பூட்டினா திரும்பி வருவாங்க. கூட்டாளி நல்லா யோசிச்சுதான் சொன்னாரு.”

அவள் கெட்டவள் இல்லை. இதற்காக நல்ல உத்தியோகத்தை விட்டவள். வாசலில் கிடந்த அவளுடைய செருப்பில் வார் ஊசி நூலால் தைத்திருந்தது. நாளைக்குச் சந்தா வந்தால்தான் அவளுக்கு அடுத்த செருப்பு. எல்லாம் தெரிந்துதான் கேட்டேன்.

“இதை நீங்க ரெண்டு பேரும் எத்தனை தடவை சோதிச்சீங்க?”

“நூறு தடவையாவது இருக்கும்.”

“அப்போ உங்க ஏட்டுல என்ன எழுதியிருந்தீங்க?”

தன் கைபேசியைத் திருப்பிக் காட்டினாள். ‘அஅஅஅ. ககக. டெஸ்ட் டெஸ்ட்.’

“இதைப் பூட்டினா எனக்கும்தான் வலிக்காது,” என்றேன்.

நான் தாளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். கிடங்கில் லோடு இறக்கிச் சீட்டில் எழுதும்போது, எனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் வந்தது வந்ததுதான். பூட்டுகிறதா என்று கேட்டிருக்கிறார்கள், பூட்டுகிறது. ‘ஆம்’ கட்டத்தில் குறி போட்டேன். குறிப்புக் கட்டம் காலியாக இருந்தது. அதில் எழுதினேன். எழுதி முடிக்க அவர்கள் கணக்கில் ஒரு மாதம் ஆனது.

‘நன்றாகப் பூட்டுகிறது. பாடம் உங்களுடையது, பூட்டலாம். ஏட்டில் இருப்பது என் எழுத்து. இது இல்லாமல் ஐம்பது வருடம் இருந்தேன். மறுபடியும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.’

சின்னவள் வாசித்தாள். இன்னொரு தடவை வாசித்தாள். “குறிப்புல இவ்வளவு எழுதக்கூடாது மாமா,” என்று தாளை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். கைபேசியில் கூட்டாளியோடு பேசுவது கேட்டது. “இல்ல, கோளாறு எதுவும் இல்ல. நாம சொன்ன மாதிரிதான் ஓடுது... இருங்க, வாசிக்கிறேன்.” நான் எழுதியதை மெதுவாக, என்னைப் போலவே வாசித்தாள். அப்புறம் வெகுநேரம் அந்தப் பக்கத்துப் பேச்சுதான்.

திரும்பி வந்தவள், “நாளைக்குத் திறக்கலை. மூணு நாள் தள்ளிப் போகுது,” என்றாள். “உங்களை டெஸ்டுக்கு உட்கார வெச்சது யாருன்னு கேட்டாரு.”

“கோபமா?”

“கோபம்தான். ஆனா சரின்னுட்டாரு. ஏற்கனவே எழுதினதை எப்பவும் படிக்கலாம். புதுசா எழுதத்தான் சந்தா. ஆளுங்க திரும்பி வராம போனா, மறுபடி உத்தியோகம் தேட வேண்டியதுதான்.”

நல்லது செய்தோமா கெடுத்தோமா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் முழுதாகத் தெரியாது.

சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் எங்கள் மேசையிலேயே உட்கார்ந்து மாற்றினாள். நாலு மணிக்கு என் கைபேசியில் புதிதாக ஏற்றிக் கொடுத்தாள். மறுபடியும் கார்டு, மறுபடியும் கடவுச்சொல், மறுபடியும் ஏழு மாதம். பாடங்கள் பூட்டிக்கொண்டன. ஏட்டை அழுத்தினேன்.

திறந்தது. என் பெயர் ஏழு தடவை அப்படியே இருந்தது.

என் மனைவி எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியாது. அவள் எட்டாவது வரை படித்தவள். நான் ஒரு வரி பார்ப்பதற்குள் பத்து வரி பார்த்துவிடுவாள்.

“‘இன்று அவள் பேசவில்லை. ஏன் என்று தெரியவில்லை,’” என்று உரக்க வாசித்தாள். கைபேசியை வாங்கித் திரையைத் தள்ளினாள். “‘இன்றும் பேசவில்லை.’ என்னங்க இது?”

“மாமா, பூட்டைத் திரும்பப் போட்டுடட்டுமா?” என்றாள் சின்னவள்.

“சும்மா இருடி. நான் ஏன் பேசலைன்னு கீழயே எழுதறேன். எங்க எழுதணும், காட்டு.”

“புதுசா எழுதணும்னா சந்தா கட்டணும்க்கா.”

என் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அந்த எப்பவும் ஏத்துக்கிற கார்டை எடு.”