வேலியோரத்து மிளகாய்

ஒரேயொரு மிளகாய்ச் செடிக்காக விதை ஆராய்ச்சியாளர் குமுதா கோலாலம்பூரிலிருந்து கேமரன் மலைக்கு வந்திருந்தாள். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தின் பின்னால் நின்ற அந்தச் செடியைப் பனியும் அண்டவில்லை, பூஞ்சையும் தொடவில்லை. அதன் மரபணுவில் விஷயம் இருந்தால், பக்கத்துத் திரிங்காப் ஊர் விவசாயிகள் மருந்தடிப்பதைக் குறைத்துக்கொள்ளலாம்.

மாநில அனுமதியும் தோட்ட மேனேஜரின் ஒப்புதலும் கிடைத்துவிட்டன. சட்டப்படி, செடியை வளர்த்தவர்களின் சம்மதம்தான் பாக்கி. அங்கேதான் சிக்கல். வேர் செல்லம் வீட்டுப் பக்கம். காய்த்த கிளைகளில் பாதி வேலி தாண்டி மணியம்மா பக்கம். ஒரு சேவல் விவகாரத்தில் இருவருக்கும் பேச்சுவார்த்தை அறுந்து வெகுகாலம்.

"நட்டது நானு. அவகிட்ட என்னா கேள்வி?" என்றாள் செல்லம்.

"நட்டா ஆச்சா? தண்ணி ஊத்துனது யாரு? அவ சைன் வெச்சா நான் வெக்க மாட்டேன்லா!" வேலிக்கு அப்பாலிருந்து மணியம்மா.

மதியம் செல்லம் குமுதாவுக்குச் சோறு போட்டாள். தட்டோரத்தில் அதே செடியின் பழுத்த மிளகாய் ஒன்று. அந்த நேரம் பார்த்து ஆராய்ச்சித் தலைவர் ராதாகிருஷ்ணன் போனில் வந்தார். கையெழுத்துச் சிக்கலையும் தட்டிலிருந்த மிளகாயையும் குமுதா சொன்னாள்.

"தட்டுல வெச்சது உனக்குக் குடுத்ததுதானே? பையில போட்டுக்கிட்டு வந்துரு."

"சாப்பிடக் குடுத்தாங்க சார். ஆராய்ச்சிக்கு இல்ல."

போனை வைத்த பிறகும் குமுதாவின் கை ஒருமுறை பைப் பக்கம் போய்த் திரும்பியது. இதை இப்படியே விட்டுவைத்தால் ஆபத்து என்று, மிளகாயை முழுசாக வாயில் போட்டு மென்றுவிட்டாள்.

காது அடைத்தது. கண்ணும் மூக்கும் போட்டி போட்டு ஒழுகின. செல்லம் போட்ட கூச்சலில் மணியம்மா வேலியைத் தாண்டியே ஓடிவந்தாள்.

"ஐயோ, புள்ளைய அழ வெச்சிட்டியேடி!"

"நானா? நாம ரெண்டு பேருந்தான்! அழாதம்மா, சைன் வெச்சிடுறோம். பேனா எங்க?"

தலையாட்டினால் வேலை முடிந்தது. ஆனால் விவரம் தெரியாமல் கொடுக்கும் சம்மதம் செல்லாதென்று போகுமிடமெல்லாம் பேசுகிறவள் குமுதா. குரலைத் திரட்டி, "அழல அக்கா... காரம்!" என்றாள்.

முதலில் மணியம்மாதான் சிரித்தாள். அடக்கப் பார்த்த செல்லம் முடியாமல் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

குமுதா இரண்டு கிளாஸ் பால் குடித்துத் தெளிந்தபின், விதை எங்கே போகும், யார் ஆராய்வார்கள், புது ரகம் வந்தால் இவர்களுக்கு என்ன பங்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"புது நாத்து மொதல்ல நம்ம லயத்துக்கு. எல்லா வீட்டுக்கும்," என்றாள் மணியம்மா.

"அது சரி. பேரு என் பேருதான்," என்றாள் செல்லம்.

"ஏன், என் பேருக்கு என்னா கொறச்சலு?"

'செல்லமணி' என்று குமுதா சொன்னதும் இருவரும் யோசித்தார்கள். தன் பெயர் முன்னால் வருவதில் செல்லத்துக்குத் திருப்தி. கூப்பிடும்போது 'மணி'தான் கணீரென்று கேட்கும் என்று மணியம்மாவுக்குத் திருப்தி. கையெழுத்துகள் விழுந்தன.

காய் பறிக்கும்போது மட்டும், தன் பக்கத்துக் காய்தான் ஒசத்தி என்று இருவரும் ஒற்றைக் காலில் நின்றார்கள். ஒரே செடிதான் என்று குமுதா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கடைசியில் இரண்டு பக்கத்துக் காய்களையும் தனித்தனிப் பையில் வாங்கிக்கொண்டு மலையடுத்த தானா ராத்தா டவுனுக்கு இறங்கினாள்.