உள்ளங்கைச் சிவப்பு

விரலிடுக்குகளில் மூன்று சிவப்புக் கோடுகள், அதற்கப்பால் ஒன்றுமில்லை, கை என்னுடையதுதான், ஆனால் அது மூடியிருப்பது ஒரு கமெராவின் கண்ணை, அந்தக் கமெராவுக்கு வயது ஆறு, அப்படித்தான் என் மகள் நிரோஜினி சொல்கிறாள், இந்தப் படத்தில கமெரா ஆறு வயசுப் பிள்ளையின்ர உயரத்துக்கு மேல ஓர் அங்குலமும் ஏறாது அப்பா, குண்டு போடுற பொம்மரைக் காட்டமாட்டன், வானத்தையும் காட்டமாட்டன், சத்தமும் கொட்டுற மண்ணும் மட்டும்தான், அதற்காக எங்கள் வீட்டுக்குப் பின்னால் தொண்ணூறில் குண்டுக்குப் பதுங்க நான் வெட்டிய பங்கரை அதே இடத்தில் அதே அளவில் திரும்பவும் வெட்டுவித்திருக்கிறாள், அப்போது நான் ஈர்க்கு, இப்போது ஒரு லொறி, கொஞ்சம் அகலமாய் வெட்டினால் என்ன பிள்ளை என்றால், இல்லை, மூச்சு முட்டவேணும் என்கிறாள், முட்டுகிறது, தலைக்குமேல் பனங்குற்றி, வாசற்படியில் விளக்கும் வயரும், நினைத்தாலும் வெளியே போக முடியாது, அப்பாவாய் நடிக்க வந்தவரின் கை பால்கட்டிபோல் இருக்கிறதாம், அதனால் என் கை.

கட், கை அசையேல்லை அப்பா, ஏன் அசையவேணும், அண்டைக்கு நடுங்கினதெல்லோ, ஆர் சொன்னது, முப்பத்தாறு வருஷம் அரசாங்க பஸ் ஓட்டின கை, என் பஸ்ஸில் விளிம்புவரை தேத்தண்ணி ஊற்றி வைத்தால் கொழும்புவரை ஒரு துளி சிந்தாது, அன்று விழுந்தது பதினேழு குண்டு, ஒன்று கிணற்றுக்குள் விழுந்து தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டு வெடிக்க மறந்து கிடந்தது, நான் ஒரு கையால் கூரையைத் தாங்கிக்கொண்டு மறுகையால் இவளின் கண்ணைப் பொத்தினேன், கமெராக்காரர் றெஜினோல்ட் வாயைப் பிளந்து கேட்கிறார், இவள் மட்டும், போன கிழமை நாலு குண்டெண்டு சொன்னனீங்களப்பா என்கிறாள், பிள்ளை, அது பின்னேரக் கணக்கை விட்டுச் சொன்னது.

கட், கட், எட்டாம் தடவையும் கட், கை இரும்புபோல் நிற்கிறது, விடமாட்டேன், ஏனென்றால் இந்தக் கதை ஒன்றைத்தான் கலியாண வீடு, செத்த வீடு, பஸ் டிப்போ எல்லா இடமும் கொண்டு திரிந்தேன், நீ பாக்காட்டி பொம்மருக்கும் நீ தெரியமாட்டாய் என்று சொல்லிப் பிள்ளையைக் காப்பாற்றிய அப்பன், அதுவும் போனால் என்னிடம் என்ன இருக்கிறது, ஆனால் இந்த மண் மணம் விடுகிறதில்லை, அந்த நாளுக்கே இழுக்கிறது, இவளின் தாய் சந்தைக்குப் போயிருக்கிறாள், குண்டு விழுவது சந்தைப் பக்கம், எனக்குத் தெரிகிறது அவள் இல்லை என்று, முடிந்துவிட்டது என்று, வாய் கோணி அழுகிறேன், மூக்கு ஒழுகுகிறது, மடியிலிருந்து பிள்ளை நிமிர்ந்து பார்க்கப்போகிறாள், அதற்குத்தான், அதற்கு மட்டும்தான் கண்ணைப் பொத்தினேன், பொழுதுபட அவள் ஒரு பை கத்தரிக்காயோடு வந்து, ஏன் அடுப்பு மூட்டேல்லை என்று கேட்டாள்.

ஒன்பதாம் தடவை, கமெராவை நிலத்தில் இறுக்கிவிட்டு றெஜினோல்ட் மேலே போக, நிரோஜினியே குனிந்து உள்ளே வருகிறாள், முழங்காலோடு முழங்கால் இடிக்கிறது, எனக்குத் தெரியும் அப்பா, அண்டைக்கு உங்கட விரலிடுக்கில கோடு மூண்டும் ஆடினது, வெளிச்சம் ஆடினது, நீங்கள் என்னத்துக்கு அழுறியள் எண்டு கேக்கப் பயந்து பிறகு நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தனான், அதைத்தான் எடுக்கப்போறன், அதுதான் படம், நான் ஏதோ பெரிதாய்ச் சொல்ல வாயெடுக்க மேலே ஒலிபெருக்கி உறுமத் தொடங்குகிறது, இவளே தேடி எடுத்து, இவளே வேண்டிய அளவு கூட்டி வைத்த பொம்மர்ச் சத்தம், தாழ வருகிறது, இன்னும் தாழ, அரிதட்டால் யாரோ தூவும் மண் பிடரியில் விழுகிறது, பாக்காதேங்கோ அப்பா என்று ஒரு கை பாய்ந்து என் கண்ணைப் பொத்துகிறது, சின்னக் கை, குளிர்ந்த கை, விரலிடுக்கில் மூன்று சிவப்புக் கோடுகள், மூன்றும் ஆடுகின்றன, கமெராவின் மேலிருக்கும் என் கையும் ஆடுகிறது, முப்பத்தாறு வருஷத் தேத்தண்ணி முழுதும் சிந்துகிறது, சத்தம் நின்றுவிட்டது, மேலே எல்லோரும் காத்து நிற்கிறார்கள், கட் சொல்ல வேண்டியவள் இங்கே என் கண்ணை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.