கதவைத் தட்டும் வீடு

என் தம்பி சனிக்கிழமைதோறும் மனநல ஆலோசகரிடம் போகிறான் என்று தெரிந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எங்களைப் பத்தி என்ன சொன்னே?" என்பதுதான். அவனுக்கு என்ன செய்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

அவனுக்கு முப்பத்தொரு வயது. விளக்கை அணைத்தால் தூங்க மாட்டான், அதனால் வீட்டில் அவனுக்குப் பெயரே பல்பு. லிஃப்டில் ஏறவும் மாட்டான். அலுவலகத்தில் யாரோ வற்புறுத்தி ஏற்றி, மூன்றாவது மாடியில் மயங்கி விழுந்த பிறகுதான் இந்த ஆலோசனையெல்லாம்.

"உங்க ரெண்டு பேர் மேலயும் ஒரு தடவை கை வச்சிருப்பேனா? அதையும் மறக்காம அந்த டாக்டரம்மாகிட்ட சொல்லு" என்றாள் அம்மா. உண்மைதான். அம்மா எங்களை அடித்ததே இல்லை.

அதற்கப்புறம் எல்லோரும் அளந்து பேச ஆரம்பித்தோம். அம்மா என்னைத் திட்ட வாயெடுப்பாள், பல்பைப் பார்த்ததும் "கண்ணு" என்று முடிப்பாள். என் கணவர் டிவி சத்தத்தைக்கூடக் குறைத்து வைத்தார். முகம் தெரியாத ஒருத்தி எங்கள் சோபாவில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது போலிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான்காவது சனிக்கிழமை மதியம், சாப்பிடும்போது அவன் கேட்டான். "நாம ஏன் ஸ்டோர் ரூம் கதவைத் தட்டிட்டுத் திறக்கறோம்?"

கூடத்துக் கோடியில் இருக்கிற சின்ன அறை அது. ஜன்னல் கிடையாது. சோப்புத்தூள், ஏணி, பழைய சூட்கேஸ்கள். திறப்பதற்கு முன்னால் இரண்டு முறை தட்டுவோம், கொஞ்சம் நிற்போம், பிறகு தாழ்ப்பாளை விலக்குவோம். வெளியே தாழ்ப்பாள் போட்ட அறைக்குள் ஆள் எப்படி இருக்க முடியும் என்று ஒருவரும் யோசித்ததில்லை.

"எலி ஓடட்டும்னுதான்" என்றாள் அம்மா.

"எல்லா வீட்லயும் தட்டுவாங்கடா" என்றேன் நான், அதே நேரத்தில்.

"எங்க வீட்ல தட்ட மாட்டாங்களே" என்றார் என் கணவர். "இங்க வந்த அப்புறம்தான்... ஆமா, நான் ஏன் தட்டறேன்?" சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"உள்ளே யார் இருக்காங்கன்னு டாக்டரம்மா கேட்டாங்க" என்றான் தம்பி. "எனக்குச் சொல்லத் தெரியலை."

என் நாலு வயது மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "நான் தட்டினா அவங்களும் திருப்பித் தட்டுவாங்களே."

"பேசாம சாப்பிடுடி" என்றாள் அம்மா.

உள்ளே யார் என்று எனக்குத் தெரியும். அப்போது தம்பிக்கு நாலு வயது, எனக்குப் பத்து. அவன் அழுது அடம்பிடித்தால் அம்மா அடிக்க மாட்டாள். உள்ளே விட்டுத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, அவள் பாட்டுக்குத் துணி மடிப்பாள். நான் கதவோரம் உட்கார்ந்து இரண்டு முறை தட்டுவேன், அக்கா இருக்கேன் என்று. அவனும் உள்ளேயிருந்து இரண்டு முறை தட்டுவான். சில நாள் மத்தியானம் முழுக்க இது நடக்கும். அவன் எல்லாவற்றையும் மறந்துவிட்டான் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். தாழ்ப்பாள் எனக்கு எட்டாது என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது அவன் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கதவை நெருங்கிக்கொண்டிருந்தான்.

நான் காது பரிசோதனை செய்கிறவள். சத்தம் புகாத கூண்டுக்குள் ஆளை உட்காரவைத்து, ஒலி கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வேன். அந்தத் திங்கட்கிழமை ஒரு பெரியவர் நான் ஒலியே கொடுக்காதபோது அழுத்தினார். கொஞ்சம் கழித்து மறுபடியும். கதவைத் திறந்து என்னவென்று கேட்டேன்.

"யாரோ தட்டறாங்கம்மா. ரெண்டு ரெண்டா."

என் இடது கை கூண்டின் சுவர்மேல் இருந்தது. விரல் முட்டிகள் சிவந்திருந்தன.

அடுத்த சனிக்கிழமை அம்மா குழந்தையைப் பூங்காவுக்குக் கூட்டிப் போயிருந்தாள். கணவர் வேலைக்குப் போய்விட்டார். நான் வீம்புக்கு, தட்டாமலே தாழ்ப்பாளை விலக்கி ஸ்டோர் ரூமுக்குள் போனேன். கதவை உள்பக்கமாக இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். கும்மிருட்டு. கதவைத் தடவிப் பார்த்தபோது, சின்னப் பிள்ளையின் கை எட்டுகிற உயரத்தில், மரம் ஓரிடத்தில் மட்டும் வழவழவென்று குழிந்திருந்தது.

அந்த இடத்துக்கு நேராக, வெளியிலிருந்து இரண்டு தட்டு கேட்டது.

எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் என் கை தானாக இரண்டு முறை தட்டியது.

"அக்கா." தம்பியின் குரல். அவன் குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். "உள்ளே இருந்தது நான்தான்னு இன்னிக்கு டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன். வெளியே இருந்தது நீதானே?"

"ஆமாண்டா."

"அந்த வயசுல உனக்குத் தாழ்ப்பாள் எட்டுமா?"

எட்டாது என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான். இருபத்தேழு வருஷமாக நானே நம்பினேனே.

"எட்டும்" என்றேன்.

நான் விலக்கி வைத்திருந்த தாழ்ப்பாள் மெதுவாக நகர்ந்து பூட்டிக்கொண்டது. அவன் எழுந்து போகவில்லை. கதவில் முதுகைச் சாய்த்து உட்காருகிற சத்தம் கேட்டது. பிறகு, இரண்டு தட்டு.

நானும் இரண்டு முறை தட்டினேன்.