சிவப்பு நூல் இல்லாத பாட்டில்

அத்தானுக்குக் குடிப்பழக்கம் கிடையாது. இருமல் மருந்தையே மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குபவர். அப்படிப்பட்டவர் கூடத்து மூலையில் ஒரு பார் வைக்கப்போவதாகச் சொன்னதும் அக்கா கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

"மேனேஜர் சாப்பிட வர்றாரு. அவங்க வீட்லல்லாம் பார் இருக்கும். நாம காப்பியை நீட்டினா நல்லாவா இருக்கும்?"

மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுவது அப்பாவின் தொழில். போன மாதம்தான் அவரும் நானும் அக்கா வீட்டோடு வந்து சேர்ந்தோம். பழைய அலமாரி ஒன்றை அத்தான் பாதியாக அறுத்துக் கொடுத்தார். அப்பா அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பந்தால் தேய்த்துத் தேய்த்து, மேல்பலகையில் முகம் தெரியும்படி செய்துவிட்டார்.

பாட்டில்களுக்குத்தான் பஞ்சம். அத்தான் கூச்சப்பட்டுக்கொண்டே இரண்டு வாங்கி வந்தார்.

"பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்குங்க" என்றாள் அக்கா.

உடனே பழைய சாமான் கடையிலிருந்து காலி பாட்டில்கள் வந்தன. சிலவற்றில் தேயிலைத் தண்ணீரை வடிகட்டி ஊற்றினேன், மற்றவற்றில் வெறும் தண்ணீர். முன்வரிசை குடிக்க, பின்வரிசை பார்க்க.

"மாப்ள, குடிக்கிறவன் வீட்லகூட இவ்வளவு பாட்டில் இருக்காது" என்று அப்பா சிரித்தார்.

மேனேஜர் வந்தபோது நான் சமையலறையில் இருந்தேன். வெளியாட்கள் முன்னால் எனக்கு வாய் திறக்காது. வகுப்பில் எழுந்து நின்றாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். பள்ளிக்கூடம் நின்றதும் அதனால்தான். பின்கட்டில் அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார்.

குப்பையைக் கூட்டி அள்ளும்போது முறத்தில் ஒரு சிவப்பு நூல் கிடந்தது. கையில் எடுத்தேன். இரட்டை முடிச்சு. அப்பாவின் முடிச்சு.

"அக்கா, இது எங்க இருந்துச்சு?"

"அதுவா? கடைசியா ஒரு பாட்டில் குறைஞ்சுது. உங்க அத்தான் மாடிப்படிக்குக் கீழேருந்து ஒண்ணு எடுத்துட்டு வந்தார். தண்ணி ரொப்பியே இருந்துச்சாம். கழுத்துல இந்த நூலு, பார்க்க அசிங்கமா இருந்துச்சு. வெட்டிட்டேன்."

ஸ்பிரிட் பாட்டிலுக்குத்தான் அப்பா சிவப்பு நூல் கட்டுவார். அவரோடு வேலை பார்த்தவர் ஒருவர் தெரியாமல் அதைக் குடித்து, பார்வை போன பிறகு வந்த வழக்கம் அது. அதற்கு முன்பே அக்கா கல்யாணமாகிப் போய்விட்டாள். அவளுக்குத் தெரியாது.

கூடத்தில் மேனேஜரின் குரல் கேட்டது. "முன்னாடி இருக்கிறதெல்லாம் எங்க வேணா கிடைக்கும். பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்கீங்களே, அந்த வெள்ளையை எடுங்க!"

கூடத்து நிலைப்படிக்கு ஓடினேன். அத்தான் அசடு வழியச் சிரித்தபடி இரண்டு கிளாஸில் ஊற்றி முடித்திருந்தார். வெறும் தண்ணீர், மானம் போகப்போகிறது என்ற பயம் அவருக்கு. மேனேஜர் முகர்ந்து பார்த்தார்.

"அடேயப்பா, என்னா நெடி! சரக்குன்னா இதான் சரக்கு."

அத்தான் திருதிருவென்று விழித்தார்.

குடிக்காதீங்க என்று கத்தினேன். கத்தியதாக நினைத்தேன். காற்றுதான் வந்தது. கிளாஸ் மேனேஜரின் உதட்டுக்குப் போயிற்று. எப்படி அங்கே போனேன் என்று தெரியாது. பளீரென்று அவர் கையில் அடித்தேன்.

கிளாஸ் பலகையில் விழுந்து உடைந்தது.

"ஏய்! பைத்தியமா உனக்கு?" அத்தான் அலறினார். "சார், மன்னிச்சிடுங்க சார், இவ ஒரு..."

அவர் கண் பலகைக்குப் போயிற்று. முகம் தெரிந்த அந்தப் பலகையில், ஈரம் பட்ட இடமெல்லாம் பாலிஷ் குழைந்து சுருங்கிக்கொண்டிருந்தது. மேனேஜர் விரலால் தொட்டார். விரல் பிசுபிசுவென்று பழுப்பாக வந்தது.

சத்தம் கேட்டு வந்த அப்பா ஒரு முறைதான் மூச்சை இழுத்தார். "ஐயோ, என் ஸ்பிரிட்டு! சார், உள்ள போச்சா? ஒரு சொட்டாவது?"

"இல்ல" என்றார் மேனேஜர். கைக்குட்டையால் உதட்டை அழுத்தி அழுத்தித் துடைத்தார். பிறகு நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். "மத்ததுல எல்லாம் என்ன இருக்கு?"

"தேயிலைத் தண்ணி சார்" என்றார் அத்தான்.

யாரும் சிரிக்கவில்லை.

அக்காவின் கண் மட்டும் பலகையின் மறுகோடியில் நிலைகுத்தி நின்றது. அங்கே இரண்டாவது கிளாஸ் இருந்தது.

"என்னங்க... உங்க கிளாஸு..."

"குடிக்கல" என்றார் அத்தான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "சார் முதல்ல ஒரு வாய் குடிக்கட்டும்னுதான்... நமக்குத் தண்ணிதானே, அப்புறம் குடிச்சுக்கலாம்னு..."

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா பாட்டிலை மூடினார். என் விரலிடுக்கில் தொங்கிய நூலுக்காகக் கை நீட்டினார். என் கை மூடியது மூடியபடியே இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக அவர்தான் பிரிக்க வேண்டியிருந்தது.