பச்சை வந்தால் போதாது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்றால் வெட்கம் வந்துவிடும். பக்கத்து வீட்டு அம்பரீனின் ஃபோனில் நான் தேடிய ஒரு கேள்வியிலிருந்து வந்தது: "வீட்டில் டீயைப் புளிக்கவைக்க நம்பகமான பி.ஹெச். மீட்டர் எது?" ஃபோன் பக்கம் பக்கமாக மீட்டர்களைக் காட்டியது. எல்லாவற்றுக்கும் நட்சத்திரங்கள், எல்லாவற்றுக்கும் பாராட்டு. எல்லாரும் நல்லவர்கள் என்றால் யாரைத்தான் நம்புவது? எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பின் பின்னாலேயே கதையும் வந்தது.

முதல் வரியாக எழுதிப் பார்த்தவை:

"பாலாற்றங்கரையில் சூரியன் மெல்ல—" (வேண்டாம். ஜாடி சமையலறை மூலையில் இருக்கிறது. அங்கே வெயில் வராது, வரவும் கூடாது.)

"ஜீவா துணிச்சலான பெண்—" (பொய். அடுத்த பக்கத்திலேயே மாட்டிக்கொள்வேன்.)

"ஜாடிக்குள் ஒரு தோல் மிதந்தது."

இது இருக்கட்டும்.

2

ஜாடிக்குள் ஒரு தோல் மிதந்தது. மாட்டுத் தோல் இல்லை, ஆட்டுத் தோலும் இல்லை. சர்க்கரை போட்ட டீயைப் புளிக்கவைக்கும் நல்ல கிருமிகள் ஒன்றுசேர்ந்து மேலே கட்டுகிற வழவழப்பான ஏடு அது. புளித்து வரும் பானத்துக்குக் கொம்புச்சா என்று பெயர். பெங்களூரில் அம்பரீனின் பாபி, அதாவது அண்ணி, வளர்க்கிறாள். அவளிடமிருந்து ஒரு துண்டு, ஊறுகாய் பாட்டிலில் ரயிலேறி ஆம்பூருக்கு வந்தது.

ஜீவாவின் அண்ணன் இளம்பரிதி தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எதையும் தொட்டுப் பார்த்தால்தான் அவனுக்கு நிம்மதி. ஜாடிக்குள் கையை விட்டு ஏட்டைப் பெருவிரலால் தடவினான்.

"தோலோட கிரெய்ன் மாதிரியே மேல்பக்கம் சூப்பரா இருக்குது. இன்னும் கொஞ்சம் தடிமன் வந்தா ஷூவே தைக்கலாம்."

"கைய எடுணா!"

(இங்கே ஜீவா கத்துகிறாள். அண்ணனிடம் அவளால் கத்த முடியும். வெளியாள் ஒருவர் வாசலில் நின்றால் போதும், குரல் தொண்டைக்குள் இறங்கித் தாழ் போட்டுக்கொள்ளும். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. நான் அவளைப் பற்றிச் சொல்கிறேன். என்னைப் பற்றி இல்லை.)

3

ஒரு கதையில் ஏதாவது ஆபத்து இருக்க வேண்டுமாம். என்னிடம் டீதான் இருந்தது. டீயில் என்ன ஆபத்து என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஜீவாவின் அம்மா தேவகி ஃபோனில் பேசுவது கேட்டது.

"ஞாயித்துக்கெழம வாங்க சம்பந்தி. எங்க பொண்ணு ஒரு ஜூஸ் போடுவா பாருங்க, பெங்களூர்லகூட கெடைக்காது!"

ஆபத்து தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. இளம்பரிதிக்குப் பார்த்திருக்கும் பெண் அரக்கோணம். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். பெண்ணின் அத்தை தலையசைத்தால்தான் கல்யாணம். சரியாகப் புளிக்காத பானத்தைக் குடித்துவிட்டு ரயிலேறினால் என்ன ஆகும்? காட்பாடி தாண்டுவதற்குள் அந்தக் குடும்பம் முழுக்க ரயில் கழிவறை வாசலில் வரிசையாக, கடைசியில் அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு—

(இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன். ஆனால் மூன்று முறை எழுதிச் சிரித்தேன்.)

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன முறை புளித்த நீரில் கொஞ்சம் எடுத்துவைத்துப் புது டீயில் ஊற்ற வேண்டும் என்று பாபி சொல்லியிருந்தாள். அப்போதுதான் சீக்கிரம் புளிக்கும். எடுத்துவைத்த நீரை அம்பரீன் குடித்துவிட்டாள்.

"சும்மா டேஸ்ட் பாத்தேன்டி."

"முழுசாவா?"

"டேஸ்ட் ஜாஸ்தியா இருந்துச்சு. இன்னா பண்றது?"

ஆகவே, புளிக்கப் புளிக்கக் குறையும் அந்த பி.ஹெச். எண் நாலுக்குக் கீழே இறங்கியதா? இறங்கினால் புளிப்பு காவல் இருக்கும், கெட்ட கிருமி அண்டாது. இறங்காவிட்டால் அது வெறும் பழைய டீ. ஜீவாவுக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான்.

4

வேறு ஊராக இருந்தால் பி.ஹெச். என்றால் என்ன என்று நான் இங்கே விளக்க வேண்டியிருக்கும். தோல் பதனிடும் எங்கள் ஊரில் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளாதவர்கள்கூட பி.ஹெச். பார்த்திருப்பார்கள்.

முதலில் பி.ஹெச். காகிதம் வாங்கினார்கள். நனைத்தால் நிறம் மாறும். மாறியது. டீயின் நிறமும் சேர்ந்து ஏறிக்கொண்டது.

"மாம்பழக் கலர்டி. பாஸ்!" என்றாள் அம்பரீன்.

"இல்ல, சாம்பார்."

"எந்த வீட்டு சாம்பார்? உங்க வூட்டு சாம்பாரா, கல்யாண சாம்பாரா?"

காகிதம் தோற்றது.

அடுத்து, அண்ணன் தொழிற்சாலையிலிருந்து நிறம் காட்டும் சொட்டு மருந்து கொண்டுவந்தான். அங்கே தோலின் ஓரத்தை வெட்டி, வெட்டிய இடத்தில் ஒரு சொட்டு விடுவார்கள். பச்சை வந்தால் பதம். தோல் சுழலும் பெரிய மர டிரம்மை நிறுத்திவிடலாம். ஒரு தம்ளரில் கொஞ்சம் டீ எடுத்து அண்ணன் சொட்டு விட்டான்.

"பச்ச! ஓகே! டிரம்ம நிறுத்து!"

"டிரம் எங்கணா இருக்குது?"

"பழக்கத்துல வந்துடுச்சு. ஆனா பதம் ஓகே. இத்தன வருசமா பாக்கறேன், எனக்குத் தெரியாதா?"

(தோலுக்குத்தான் பச்சை பதம். டீக்கு மஞ்சள் வர வேண்டும். புளிக்காத நீரில் அந்தச் சொட்டு நீலமாகும். மஞ்சள் டீயில் நீலம் கலந்தாலும் பச்சைதான் தெரியும். இது அப்போது ஜீவாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கடைசிவரை மறைத்துவைத்தால் கதை இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் அதற்குள் நீங்கள் யாராவது குடித்துவிட்டால்?)

5

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீட்டர் வந்தது. விரல் நீளம், மஞ்சள் மூடி. ஜீவா ஒரு தம்ளரில் டீ எடுத்து நனைத்தாள். எண்கள் கொஞ்ச நேரம் துள்ளி விளையாடிவிட்டு நின்றன: 3.2.

அம்பரீன் ஜீவாவைத் தூக்கிச் சுற்றினாள். அண்ணன், "நாந்தான் அப்பவே சொன்னேனே" என்றான். தேவகி ஜாடியோடு கூடத்துக்குப் போய்விட்டார். வாசலில் ஆட்டோ சத்தம். செருப்புகள். "வாங்க, வாங்க, உள்ள வாங்க."

இங்கேயே கதையை முடித்துவிடலாம். எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் டப்பாவுக்குள் இரண்டு சின்னப் பொட்டலங்கள் மிச்சம் இருந்தன. ஒன்றில் 4, ஒன்றில் 7. மீட்டர் உண்மை சொல்கிறதா என்று பார்க்கும் தூள். தண்ணீரில் கரைத்து நனைத்தால் அதே எண்ணைக் காட்ட வேண்டும். ஜீவா சும்மா, விளையாட்டுக்குத்தான், ஏழாம் எண் தூளைக் கரைத்து நனைத்தாள்.

5.6.

துடைத்தாள். மறுபடி நனைத்தாள். 5.6.

ஏழு என்று தெரிந்த நீரையே இது இவ்வளவு குறைத்துச் சொல்கிறது என்றால், டீயை எவ்வளவு குறைத்துச் சொல்லியிருக்கும்? பொத்தானை அழுத்தி ஏழுக்குச் சரிசெய்தாள். நாலில் நனைத்தாள், நாலு என்றது. இப்போது தம்ளரில் மிச்சம் இருந்த டீயில் நனைத்தாள்.

4.6.

(எது நம்பகமான மீட்டர் என்று கேட்டேன் அல்லவா? தெரிந்த நீரில் பொய் சொல்கிறதா என்று முதலில் நாம் சோதித்துப் பார்த்த மீட்டர்தான். அந்த நட்சத்திரங்களில் ஒன்றுகூட இதைச் சொல்லவில்லை.)

கூடத்தில் தம்ளர்கள் உரசும் சத்தம் கேட்டது.

6

முடிவு ஒன்று: ஜீவா பாய்ந்து போய்க் கணீரென்று கத்துகிறாள். அத்தை நெகிழ்ந்து, "பொண்ணுன்னா இப்டி இருக்கணும்" என்கிறார். (கணீரென்று? யார், இவளா?)

முடிவு இரண்டு: ஜீவா தடுக்கித் தட்டின் மேல் விழுகிறாள். எல்லாம் கொட்டிவிடுகிறது. (எனக்கு மிகவும் பிடித்த முடிவு. விழுவதற்கு வாய் திறக்க வேண்டியதில்லை. ஆனால் தட்டு ஏற்கெனவே காலி. தம்ளர்கள் எல்லார் கையிலும் இருக்கின்றன.)

முடிவு மூன்று: ஜீவா பேசாமல் நிற்கிறாள். எல்லாரும் குடிக்கிறார்கள். ஒருவேளை யாருக்கும் ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஒருவே—

இல்லை. இதை எழுத என் கை வரவில்லை.

7

ஜீவா என்று யாரும் இல்லை. உங்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கும்.

சமையலறைத் திரைச்சீலைக்குப் பின்னால் நான் நிற்கிறேன். அத்தை தம்ளரை மூக்கருகே கொண்டுபோய், "வாசன நல்லாருக்குதே" என்கிறார். அம்மா பெருமையாகச் சிரிக்கிறார். என் குரல் வழக்கம்போலத் தாழ் போட்டுக்கொண்டது. ஆகவே உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். அடுத்த வரியை மனதுக்குள் படிக்காதீர்கள். சத்தமாகப் படியுங்கள். பக்கத்தில் யார் இருந்தாலும் பரவாயில்லை.

"அத்தை, குடிக்காதீங்க!"

இன்னும் கொஞ்சம் சத்தமாக. ஆம்பூருக்குக் கேட்க வேண்டும்.

"குடிக்காதீங்க!"

தம்ளர் உதட்டருகே நின்றுவிட்டது. எல்லாத் தலைகளும் திரைச்சீலைப் பக்கம் திரும்புகின்றன. அங்கே நீங்கள் இல்லை. நான்தான் நிற்கிறேன், கையில் மீட்டரோடு, வாய் திறந்தபடி.

"இன்னாம்மா? ஏன் குடிக்கக் கூடாது?" என்கிறார் அத்தை.

நீங்கள் நிறுத்திக்கொள்ளலாம். மிச்சத்தை நான் சொல்லிக்கொள்கிறேன்.